தமயந்தி வீட்டுக் கிரைண்டர்

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மணி இன்று ஆளுக்கொரு டைரி கொடுத்தார். ஆபீசில் என்ன வேலை பார்க்கிறோம் என்று தினமும் எழுதி வாரக் கடைசியில் காட்ட வேண்டுமாம். காட்டுவதற்கு ஒரு பழைய டைரி என்னிடம் இருக்கிறது. இதன் தாள் வழுவழுவென்று நன்றாக இருப்பதால் இதை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மணி என்பது ஹரிப்பிரியா, எங்கள் முதலாளியின் மகள். முதலாளி போன வருஷம் காலமானதிலிருந்து ‘ஐந்து கட்டை’ அவர் தலையில் விழுந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மாதாமாதம் வருகிற இசைப் பத்திரிகை. முதலாளியின் தாயார் பாடிய சுருதி ஐந்து கட்டை, அதனால் அந்தப் பெயர். நான் உதவி ஆசிரியர். ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது, ஆகையால் யாருக்கு உதவுகிறேன் என்று கேட்கக் கூடாது. பக்கம் கட்டுவதற்கு லூர்துராஜ் இருக்கிறான். அவ்வளவுதான் எங்கள் படை.

கூட்டம் போட்டு அம்மணி ஒரே கேள்வி கேட்டார். “நம்ம டார்கெட் ஆடியன்ஸ் யாருங்க சார்?”

“இசை ரசிகர்கள்” என்றேன்.

“அவங்க யாருங்க? எங்க இருக்காங்க? காலைல எந்திரிச்சதும் என்ன பண்றாங்க?”

இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பல் விளக்குவார்கள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அம்மணி கோபமாகப் பேசவில்லை. பின்னட்டைக்கு நிலையாக ஒரு விளம்பரம் கிடைத்தால் பத்திரிகை தொடரும், கிடைக்காவிட்டால் பொங்கல் மலரோடு சரி என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பத்தேழு வயது.

சாயங்காலம் வழக்கம்போல் புரூஃப் படித்தேன். முன்பெல்லாம் ஆபீசில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் ஒப்பு நோக்குவார். அந்த இன்னொருவர் போன பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டுத் தனியாகப் படிக்கிறேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்லித்தான் படிக்க வேண்டும், அப்போதுதான் பிழை சிக்கும். உள்ளே இவள், என் மனைவி, கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். அதன் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடுகிறது. எனக்காக ஒரு நாளாவது அதை நிறுத்தியிருக்கிறாளா? ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் மட்டும் கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடும்.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மணியும் நானும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போனோம். எங்கள் பத்திரிகை ஜோதிட மாத இதழுக்கும் கோலப் புத்தகத்துக்கும் நடுவில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதை யாருங்க வாங்கறாங்க?” என்று அம்மணி கேட்டார்.

கடைக்காரர் யோசித்தார். “ஜோசியம் வாங்க வர்றவங்க அதைப் புடுங்கறப்ப இது கீழ உளுந்துருமுங்க. எடுத்துக் குடுத்தா சில பேரு சரின்னு வாங்கிக்குவாங்க.”

அம்மணி இதைக்கூடக் குறித்துக்கொண்டார். திரும்பும்போது பத்திரிகையின் கதையைச் சொன்னேன். முதலில் சபாவுக்குப் போகிறவர்களுக்காக முதலாளி ஆரம்பித்தார். கேசட் காலத்தில் நடுப்பக்கத்தில் சினிமாப் பாட்டு வரிகளைப் போட்டோம், அப்போது அமோகமாகப் போயிற்று. செல்போனில் எல்லாப் பாட்டும் வந்த பிறகு அந்தக் கூட்டம் கழன்றுகொண்டது. பிறகு பாட்டுக் கிளாஸ் பிள்ளைகளின் அம்மாக்களைப் பிடிக்கப் பார்த்தோம். அதன் பிறகு கீபோர்டு வாசிக்கிற காலேஜ் பையன்கள். ஒரு மாதம் அட்டையில் வீணை, மறுமாதம் கிதார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் ஒரே ஆள் வரவேற்கிற மாதிரி ஆகிவிட்டது.

“கடைசில யாரும் சாப்பிடாமப் போயிட்டாங்களா சார்?” என்றார் அம்மணி. நல்ல பெண், சிரிக்கத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

ஆளுக்கொரு வாசகரை அட்டையில் எழுத வேண்டும் என்று அம்மணியின் கட்டளை. பெயர், வயது, ஊர், பழக்கம் எல்லாம் வேண்டும். கற்பனைதான், ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிய வேண்டுமாம். அதைப் பார்த்துப் பார்த்து எழுதினால் பத்திரிகை உருப்படும் என்று அவர் படித்த பெங்களூர்க் காலேஜில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். லூர்துராஜ் கிதார் மாட்டிய ஒரு பையனை எழுதினான். அம்மணி, கீபோர்டு கற்கும் குழந்தையின் தாயாரை எழுதினார்.

ஆரம்பத்தில் எனக்கு இதெல்லாம் விளையாட்டாகத்தான் பட்டது. எழுத உட்கார்ந்தால் பேனா நிற்கவில்லை. முழுக்க முழுக்க என் கற்பனை என்பதால் இங்கேயும் ஒரு பிரதி எழுதி வைக்கிறேன்:

பெயர் தமயந்தி. வயது ஐம்பத்து நான்கு. சிங்காநல்லூர். தபால் ஆபீசில் வேலை. ராகத்தின் பெயர் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஆனால் பாடுகிறவர் மனசில்லாமல் பாடினால் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கச்சேரிக்குப் போகமாட்டாள், பிளாஸ்டிக் நாற்காலி அவள் முதுகுக்கு ஆகாது. சாயங்காலம் ரேடியோவை வைத்துக்கொண்டு மாவு ஆட்டுவாள். நல்ல பாட்டு வந்தால் கிரைண்டரை நடுவிலேயே நிறுத்திவிட்டு ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி முடிகிறவரை நிற்பாள். அப்போது யாராவது பேசினால் முறைப்பாள். நீளமான வாக்கியம் பிடிக்காது. ‘தெய்விகக் குரல்’ என்று எழுதினால், ‘அப்ப சாமி வந்து பாடுனா என்னன்னு எழுதுவீங்க?’ என்று கேட்பாள்.

அம்மணி படித்துவிட்டு, “சார், இவங்களை எனக்கு இப்பவே பார்க்கணும் போல இருக்குதுங்க” என்றார். எனக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பீளமேட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழு நன்றாகவே பாடினார்கள். இவள்தான் பாதியில் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். “உக்காந்து கேக்க மாட்டியா?” என்றால், “நின்னாத்தானுங்க நல்லாக் கேக்குது” என்கிறாள். விசித்திரமான பிறவி.

வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு மாவு ஆட்டினாள். பாதியில் பாட்டு வர, நிறுத்தினாள். திரும்பப் போட்டால் கிரைண்டர் முனகுகிறதே தவிரச் சுற்றவில்லை. கல்லைக் கையால் தூக்கிவிட்டு ஓட்ட வேண்டியிருந்தது. பதினைந்து வருஷத்துக் கிரைண்டர். மாவை முடித்துவிட்டுக் கேட்டால் என்ன என்று கேட்டேன். முறைத்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன்.

கணபதியில் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கும் மயில்சாமியைப் பார்க்க அம்மணியும் நானும் போனோம். சத்தம் குறைவாக வருகிற ஒரு புது மாடல் செய்திருக்கிறார். பாட்டுப் பத்திரிகைக்கும் சத்தமில்லாத கிரைண்டருக்கும் பொருத்தம் பத்துக்குப் பத்து என்பது அம்மணியின் கணக்கு. மூன்று வாசகர் அட்டைகளையும் மேஜையில் பரப்பினார். கிதார் பையனை மயில்சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமயந்தி அட்டையை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

“ஏனுங்க, இந்தம்மா நெசமாவே இருக்காங்களா?”

அம்மணி, “இல்லீங்க, இது வந்து…” என்று ஆரம்பிப்பதற்குள் என் வாய், “இருக்காங்க” என்றது.

ஏன் சொன்னேன்? விளம்பரத்துக்காகத்தான் என்று அம்மணி நினைத்திருப்பார். அது மட்டுமில்லை. தமயந்தி இல்லை என்று ஒருவர் சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

“அப்ப நல்லதாப் போச்சுங்க” என்றார் மயில்சாமி. “மெஷினை அவிய வீட்டுக்கே அனுப்பறேன். ஓட்டிப் பாக்கட்டும். நான் நேர்ல வந்து கேட்டுக்கறேன். அந்தம்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டா பின்னட்டை எனக்குத்தானுங்க.”

காரில் ஏறியதும் அம்மணி தலையில் கை வைத்துக்கொண்டார். “கற்பனைன்னு தானே சார் சொன்னீங்க?”

“ஆமாங்க அம்மணி.”

“இப்ப?”

“சந்தா கட்டறவங்கள்ல ஒருத்தர் இப்படி இல்லாமப் போவாங்களா? தேடிப் புடிச்சிடறேன்.”

ஆகஸ்ட் 23, சனி

தமயந்தியைத் தேடிப் புறப்பட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இன்றுதான் வாசகர்களை அவர்கள் வீட்டில் பார்க்கிறேன், இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ரேஸ் கோர்ஸில் ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி. நாங்கள் செய்த ராகப் பிழைகளையெல்லாம் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். காபி கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். கிரைண்டரைப் பற்றிக் கேட்டதற்கு, “அது சமையல்காரர் டிபார்ட்மெண்ட்” என்று தீர்ப்பு வந்தது.

சாய்பாபா காலனியில் ஒரு வீணை டீச்சர். அந்த அம்மாளைப் பார்த்ததும் தமயந்தி கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். “மாவுங்களா? மூலைக்கடையில பாக்கெட் விக்குதே, அதானுங்க” என்றார். இன்னும் மூன்று வீடு போனேன், மூன்றிலும் பாக்கெட் மாவுதான். ஊர்ப் பெயரைச் சொன்னாலே கிரைண்டர் என்கிற ஊரில் மாவு ஆட்ட ஆளில்லை!

கடைசியாக ராமநாதபுரம். சந்தாதாரர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. மகன்தான் சந்தாவைப் புதுப்பிக்கிறார். “நான் படிக்கறதில்லீங்க, எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது” என்றார். “பின்ன எதுக்குங்க?” என்று கேட்டேன். “அப்பா பேர் போட்டு மாசம் ஒருக்கா ஏதோ ஒண்ணு வருதுங்களே” என்றார். கவர் பிரிக்காத இதழ்கள் அலமாரியில் அடுக்கியிருந்தன. அந்த வீட்டில் கிரைண்டரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. வந்த வழியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன், விநாயகர் சதுர்த்தி

லூர்துராஜ் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக் கொழுக்கட்டைக்கு வந்துவிடுவான். இன்றும் வந்தான். இவள் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஒரு பழைய பாட்டு வந்தது. டக்கென்று நிறுத்திவிட்டு, உளுந்து மாவு வழிகிற கையை மேலே தூக்கியபடி நின்றாள். “அக்கா, சட்னி இன்னும் கொஞ்சம்…” என்று லூர்து ஆரம்பித்தான். முறைத்தாள். லூர்து வாயை மூடிக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

கேட் வரை வந்து வழியனுப்பும்போது பிடித்துக்கொண்டான். “ஏன் சார், கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சீங்களா?”

“என்னடா சொல்றே?”

“தமயந்தி உள்ள உளுந்து ஆட்டறாங்க சார்.”

“தமயந்தி தபால் ஆபீஸ். இவ ஸ்கூல் டீச்சர். கணக்கு எடுக்கறா.”

“சரி, வேற?”

“தமயந்தி சிங்காநல்லூர். நாங்க இருக்கறது சௌரிபாளையம்.”

“சரிங்க சார். வேற?”

வேறு என்ன என்று யோசித்தபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான், சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

தமயந்தி பத்திரிகை படிக்கிறவள். இவள் ‘ஐந்து கட்டை’யை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. இது மிகப் பெரிய வித்தியாசம். நேற்றே லூர்துவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

அம்மணியிடம் வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன். கிரைண்டர் வந்து இறங்கியது. சிவப்பு நிறம். இவள் ஸ்கூலிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், “இது யாருதுங்க?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவள், சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க வராது. நான் பெயிலாகிற பையனைப் போல எதிரில் நின்றேன்.

“முறைப்பாள்னு போட்டிருக்கீங்க. நான் எப்ப முறைச்சேன்?” என்று முறைத்தபடி கேட்டாள்.

பிறகு ஒரு வரியில் பேனா நின்றது. “முதுகு வலின்னு உங்ககிட்ட நான் சொன்னதே இல்லியே.”

“பிளாஸ்டிக் சேர்ல இருந்து எந்திரிக்கறப்ப ஒரு கையை இடுப்புல வப்பியே. எத்தன வருஷமாப் பாக்கறேன்.”

உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் வேண்டாம் என்ற நாளிலிருந்து நிறுத்தியிருந்த சர்க்கரை அதில் அரை ஸ்பூன் இருந்தது.

“மெஷினை ஓட்டிப் பாக்கறேன். ஆனா அந்தாளு வந்து கேட்டா நான் தமயந்தின்னு எல்லாம் சொல்லமாட்டேங்க. புள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதீங்கன்னு சொல்லிக் குடுத்துட்டு நானே சொல்றதா?”

“விளம்பரம் போயிரும். பத்திரிகையும் போயிரும்.”

“உள்ளதைச் சொல்லிப் போனாப் போகுது” என்றாள். இவளுக்கென்ன, மாதம் பிறந்தால் சர்க்கார் சம்பளம். கோபமாக வந்தது, காபியை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பிள்ளைகள் இவளுக்குக் கொத்தாகப் பேனா கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு ஒன்று எனக்கு.

புது மெஷின் ஓடும்போது கத்தாமலே புரூஃப் படிக்க முடிகிறது. “இத்தன வருஷமா ‘கமா’வைத்தான் பெருசாக் கத்துவீங்களா?” என்று உள்ளிருந்து கேட்டாள். வழக்கமான குறுக்கீடுகளும் உண்டு: “அந்த வாக்கியம் இன்னும் முடியலீங்களா?” முடித்தேன், அதாவது வெட்டினேன். இவள் கொட்டாவி விட்டால் பத்தியை வெட்டுகிறதும், “அப்புறம்?” என்றால் விட்டுவைக்கிறதும் எனக்கு எப்போது பழக்கமானது என்று தெரியவில்லை. சும்மா தோன்றியது, எழுதினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மயில்சாமி வந்தார். அம்மணியும் லூர்துவும் சாட்சிக்கு வந்த மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்கள். வாசல் மணி அடித்ததிலிருந்து இவளுக்குக் கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தேன், கவனிக்காதவள் போல் முறுக்குத் தட்டை நீட்டினாள்.

“நீங்கதானுங்களா தமயந்தி?” என்றார் மயில்சாமி.

“இல்லீங்க. என்ற பேரு சுலோச்சனா. இவரு சம்சாரம், ஸ்கூல் டீச்சருங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பேன், அல்லது தொண்டையைச் செருமுவேன், வந்துவிடுவாள். எங்கள் கூடத்தில் அந்தப் பெயர் கேட்டபோது யாரோ புதிதாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மயில்சாமி என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தேன்.

“தமயந்தின்னு யாரும் இல்லீங்க” என்று இவள் தொடர்ந்தாள். “இவரா எழுதுனது. இவரு புஸ்தகத்தை நான் பிரிச்சும் பாத்ததில்லை. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே முழுசையும் வாசப்படியில உக்காந்து கமா, புள்ளியோட கத்திப் படிச்சிருவாரு. கேட்டதையே திரும்ப எதுக்குப் படிக்கோணும்? இத்தன வருசத்துல ஒரு இதழ் விட்டதில்லீங்க.”

அம்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். லூர்து முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டான்.

மயில்சாமி விடவில்லை. “அது இருக்கட்டும் டீச்சர். மெஷின் எப்படிங்க? சத்தம் கம்மிதானுங்களே? இனிமே பாட்டு வந்தா நிறுத்த வேண்டியதில்லை, ஓட விட்டுட்டே கேக்கலாமுங்க.”

“சத்தம் கம்மிதானுங்க. ஆனா பாட்டு வந்தா நான் நிறுத்தத்தானுங்க செய்வேன்.”

“அதென்னத்துக்குங்க? அதுக்காகத்தான நாங்க ரெண்டு வருசமா மண்டையை ஒடைச்சுக்கிட்டோம்?”

“சத்தத்துக்காக நிறுத்தறதில்லீங்க. ஒருத்தர் மனசு வச்சுப் பாடறப்ப நாம இன்னொரு வேலை பாத்துட்டிருந்தா மரியாதையா இருக்குமுங்களா?”

போயிற்று என்று நினைத்தேன். பின்னட்டை போயிற்று, பொங்கல் மலர் போயிற்று, என் நாற்காலியும் போயிற்று.

இவள் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள். “ஒண்ணுங்க. பழைய மெஷினை மாவோட நிறுத்திட்டுத் திரும்பப் போட்டா முனகும். கல்லைத் தூக்கிவிட்டாத்தான் சுத்தும், முதுகு போயிரும். இது நிறுத்திட்டுப் போட்டாக் கம்முன்னு சுத்துது. எத்தன தடவை நிறுத்துனாலும் சுத்துது. எனக்கு அதுதானுங்க புடிச்சிருக்கு.”

மயில்சாமி எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். உள்ளே இருந்த மாவோடு கிரைண்டரைப் போட்டார், நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார். நாலைந்து தடவை செய்துவிட்டுத் திரும்பி வந்தார். “மோட்டார் நல்லா இழுக்கோணும்னுதான் மாத்துனோம். இதை ஒரு சங்கதியா வெளிய சொல்லலாம்னு எவனுக்கும் தோணலீங்க” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். அப்புறம் உட்கார்ந்து ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

போகும்போது என் தோளைத் தட்டினார். “பேரையும் ஊரையும் மாத்திட்டா வேற ஆளாயிருமுங்களா? நல்ல ஆளுங்க நீங்க.”

செப்டம்பர் 9, செவ்வாய்

மயில்சாமி போன் செய்தார். பின்னட்டையை இப்போதைக்கு ஆறு இதழுக்கு எடுத்துக்கொள்கிறார், பிறகு பார்க்கலாமாம். விளம்பர வாசகத்தையும் அவரே சொல்லிவிட்டார்: ‘நல்ல பாட்டு வந்தால் நிறுத்துங்கள். மறுபடி சுற்றுவது எங்கள் பொறுப்பு.’

ஆக, பொங்கல் மலர் கடைசி இதழ் இல்லை. எனக்கு அழுகை வந்தது. லூர்து பார்க்கிறான் என்று தும்மினேன். அம்மணி இனிப்பு வாங்கிவரச் சொன்னார்.

சுவரில் ஒட்டியிருந்த மற்ற வாசகர்களை அம்மணியே பிரித்து எடுத்துவிட்டார். “இவங்களும் எங்கியாவது இருப்பாங்க சார். ஆனா நமக்குத் தெரியாதவங்களுக்கு நாம எழுத வேண்டாம். தெரிஞ்ச ஒருத்தருக்கு நல்லா எழுதுவோம், பக்கத்துல இருக்கறவங்க எட்டிப் பாக்கட்டும்.” தமயந்தி மட்டும் சுவரில் இருக்கிறாள். ‘தபால் ஆபீஸ்’ என்பதை யாரோ அடித்து ‘ஸ்கூல்’ என்று எழுதியிருக்கிறார்கள். லூர்துவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 22, திங்கள்

தீபாவளி இதழுக்குத் தலையங்கம் எழுத வேண்டும். ‘அன்பார்ந்த வாசகப் பெருமக்களே’ என்று எழுதிவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

எழுதி முடித்தேன். பெருமக்கள் யாரும் அதில் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாகவே வந்திருக்கிறது. லூர்து பக்கம் கட்டிவிட்டு, “சார், நீங்களா எழுதுனீங்க?” என்று கேட்டான். பாராட்டா கேலியா என்று விசாரிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன், சரஸ்வதி பூஜை

நாளை மறுநாள் இதழ் அச்சுக்குப் போக வேண்டும். இவளோ தலையங்கப் புரூஃபைப் பிடுங்கிக் கணக்குப் புத்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டாள். இன்று ஒரு எழுத்துப் படிக்கக் கூடாதாம். கிரைண்டருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு மாலை. அதுவும் இன்று ஓடக் கூடாது. ரேடியோவுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு ஓட விட்டிருக்கிறாள். கேட்டால் சாமியே பாட்டுக் கேட்கிற நாள்தான் இது என்கிறாள். சுண்டல் நன்றாக இருந்தது. வேலையில்லாமல் நாள் முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

சாயங்காலம் பூஜையிலிருந்து புரூஃபை எடுத்துக் கொடுத்தாள். மூலையில் மஞ்சள் பட்டிருந்தது. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கிரைண்டரில் அரிசியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். நெற்றியில் நேற்றைய குங்குமத்தோடு அது பாட்டுக்குச் சுற்றியது. எனக்கு என்னவோ பரீட்சைக்கு வந்த மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு முதல் வரியைப் படித்தேன்.

“எங்கள் வீட்டில் ஒருவர் பாட்டு வந்தால் கிரைண்டரை நிறுத்திவிடுவார் முற்றுப்புள்ளி.”

இரண்டாம் வரிக்குப் போவதற்குள் சமையலறை அமைதியாகிவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்தேன், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டு வந்துவிட்டதாக்கும் என்று காதைக் கொடுத்தேன். ரேடியோ அணைந்திருந்தது. இன்று அதை யாரும் போடவே இல்லை.

சுலோச்சனா ஸ்விட்சுக்குப் பக்கத்தில், ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் நிறுத்திட்டே? இதுலதான் சத்தமே இல்லியே” என்றேன்.

முறைத்தாள். “படிங்க.”

கமா, புள்ளி சொல்லாமல் படித்தேன்.